சூளையில் பானை ஏன் வெடிக்கிறது?

கேள்வி: வீட்டில் சின்ன மின்சூளை வைத்திருக்கிறேன். ஒரு வாரம் நிழலில் காயவைத்த பாத்திரங்களைச் சுட்டபோது இரண்டு வெடித்துச் சிதறிவிட்டன. சிலவற்றின் அடியில் கீறல். மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்திருக்கும் என்கிறார்கள். அதுதான் காரணமா?

பதில்: பாவம், காற்றுக்குமிழ் மேல்தான் எப்போதும் பழி விழுகிறது. நன்றாகக் காய்ந்த மண்ணில் குமிழ் இருந்தாலும், சூடாகி விரியும் காற்று நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். வெடிக்கவைப்பது தண்ணீர். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மிச்சமிருக்கும் ஈரம் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. மெதுவாகக் கசிய நேரம் தராவிட்டால் சுவரைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும்.

ஒரு வாரம் என்பது மெல்லிய கோப்பைக்குப் போதும், தடித்த அடிக்குப் போதாது. நாள் கணக்கை விடுங்கள். பாத்திரத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. காய்ந்ததாகத் தெரிந்தாலும் சூளையை 80–90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்துங்கள். தடித்த பாத்திரம் என்றால் இரவு முழுக்க. காற்றுத்துளை திறந்தே இருக்கட்டும். அதன் அருகே ஒரு கண்ணாடியைச் சில நொடி காட்டுங்கள். ஆவி படிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அப்புறம் 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீர் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் பிரிகிறது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று பருமன் மாறுகிறது. ஆறும்போதும் இதே இடத்தைக் கடக்க வேண்டும் என்பதால், இறக்கத்திலும் அவசரம் கூடாது. மூடியைத் திறக்க 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். எட்டிப் பார்க்கும் ஆசையில் போன பாத்திரங்கள் நிறைய!

அடிக் கீறல் வேறு கதை. சக்கரத்தில் வனைந்த பாத்திரத்தின் அடியில் ஆங்கில 'எஸ்' எழுத்துப் போல வளைந்திருந்தால், அது பெரும்பாலும் காயும்போதே பிறந்தது; சூளை அதை விரித்துக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். வனையும்போது அடியை நடுவிலிருந்து விளிம்புக்கும் மறுபடி நடுவுக்குமாக நன்றாக அழுத்துங்கள். உள்ளே தேங்கும் நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அடியும் சுவரும் ஒரே தடிமனில் இருக்கட்டும். சற்று இறுகியதும் கவிழ்த்துவைத்தால் விளிம்பு முந்திக் காயாது. கைப்பிடி ஒட்டுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும்.

கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் மேற்பூச்சு) பூசிச் சுட்டதில் விரிசல் வந்தால் அதன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கிளேஸ் உருகி ஓரம் மழுங்கியிருந்தால் விரிசல் முன்பே இருந்தது. கத்தி முனை போல வெட்டினால் ஆறும்போது வந்தது. அடுத்த முறை இன்னும் மெதுவாக ஆறவிடுங்கள்.

அகலத் தட்டுகள் சுருங்கும்போது சூளைக்குள் இருக்கும் பலகையில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, பலகையில் மெல்லியதாக மணல் தூவி அதன்மேல் வையுங்கள். உங்கள் மண் வழவழப்பானது என்றால், சுட்ட மண்ணைப் பொடித்துப் பத்தில் ஒரு பங்கு கலந்து பிசைந்து பார்க்கலாம். சுருக்கம் குறையும், நீராவிக்கும் வழி கிடைக்கும்.