வலி மாத்திரையே வலியைக் கூட்டுமா?

கேள்வி: முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். டோஸ் கூட்டக் கூட்ட வலியும் கூடுகிறது. இடுப்பில் இருந்த வலி இப்போது தோள் வரை வந்துவிட்டது, சட்டை உரசினாலே கத்துகிறார். மாத்திரைக்காக நடிக்கிறார் என்கிறார் சித்தப்பா. உண்மையா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சித்தப்பாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள், சகோதரி. மார்ஃபின் வகை மருந்துகளே சிலருக்கு வலி உணர்வைக் கூர்மையாக்கிவிடும். கிளிஃபோர்ட் ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1870-லேயே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார்.

மூளைத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து முதுகுத்தண்டுக்கு இரண்டு விதமான உத்தரவு போகிறது, ஒன்று வலியை அடக்கு என்பது, இன்னொன்று வலியைக் கூட்டு என்பது. மார்ஃபின் முதலில் வலியைக் கூட்டும் செல்களை அடக்கி வைக்கிறது, ஆனால் நாள்பட்டால் அங்கே கோலிசிஸ்டோகைனின் என்ற பொருளின் வேலை ஓங்கி, அதே செல்கள் மறுபடி தலைதூக்குகின்றன என்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. முதுகுத்தண்டிலோ டைனார்ஃபின் என்ற பொருள் கூடுகிறது. அப்புறம் என்எம்டிஏ என்ற ஏற்பிகள், அதாவது நரம்பு செல்லில் சைகையை வாங்கும் வாயில்கள், விழித்துக்கொள்கின்றன, இவைதான் பெரிய வில்லன் என்பேன், ஏனென்றால் இவை தூண்டப்பட்ட நரம்பு செல்கள் சின்ன உரசலையும் பெரிய வலியாக மூளைக்கு அனுப்புகின்றன. காயமே இல்லாத தோளும் வலிப்பது இதனால் இருக்கலாம்.

மருந்து உடம்புக்குப் பழகிப்போவது வேறு, அதில் டோஸைக் கூட்டினால் வலி குறையும். இதில் கூட்டினால் ஏறும், இடம் பரவும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. புதிதாக நரம்பு எங்காவது அழுந்துகிறதா, பழைய நோய் முற்றியதா என்று முதலில் பார்க்க வேண்டும், எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடவும் கூடாது.

இதுதான் என்றால் டாக்டர் டோஸை மெல்ல மெல்லக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். மெத்தடோன் என்ற இன்னொரு மார்ஃபின் வகை மருந்தைச் சொன்னால் பயப்படாதீர்கள். நம் மலேசியாவில் 2005 முதல் போதை சிகிச்சையில் கொடுப்பதால் அந்தப் பெயர் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது என்எம்டிஏ ஏற்பிகளையும் ஓரளவு தடுக்கும்.

நீங்களாக மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று அப்பா படாதபாடு படுவார், வலியும் சேர்ந்து ஏறும். அடுத்த முறை வலி நிபுணரிடம் போகும்போது எந்த டோஸில் எங்கே வலித்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்து கிளினிக்கில் வாங்கிய டிராமடால் இருந்தால் அதையும் காட்டுங்கள், அதுவும் இதே வகைதான்.