எலி மூளையில் புதுக் குருத்து

கேள்வி: மூளை செல் ஒரு தடவை செத்தால் அவ்வளவுதான், திரும்ப முளைக்காது என்பார் எங்கள் அப்பா. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகள், "எலிக்கு முளைக்கும் தாத்தா" என்று அவரோடு மல்லுக்கட்டுகிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, ஒத்தக்கடை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி அம்மா. ஆனால் அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்னைப் போன்ற வாத்தியார்கள்தான். மதுரையில் 1984-லிருந்து விலங்கியல் நடத்தினேன். "பிறந்த பிறகு நரம்பு செல் பெருகாது" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகளும் அதையே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினார்கள். அது தப்பு என்பதற்கான ஆதாரம் 1960-களிலேயே அச்சாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தபோது மனசு ரொம்பச் சங்கடப்பட்டது. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இந்த வாரம் கூடுதலாக இடம் கேட்டு வாங்கினேன்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இருந்த ஜோசப் ஆல்ட்மன், கோபால் தாஸ் என்பவரோடு சேர்ந்து 1965-ல் எலி மூளையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் செய்த வேலை அழகானது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குத் தைமிடின் என்ற சரக்கு தேவை. கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை எலிக்கு ஊசி போட்டால், அந்த நேரத்தில் பிரியத் தயாராகிற செல் அதை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மூளையை மெல்லிய சீவலாக வெட்டி, போட்டோ பிலிமில் இருக்கிற மருந்தை மேலே பூசி இருட்டில் வைப்பார்கள். புதிதாகப் பிறந்த செல்லின் மேல் மட்டும் கறுப்புப் புள்ளிகள் விழும். வளர்ந்த எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது ஞாபகத்துக்கு முக்கியமான பகுதியில், அந்தப் புள்ளிகள் விழுந்தன.

எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பகுதியின் சீவல் ஒன்று கண்ணாடித் தகட்டில் இருந்தது. ஊதாச் சாயம் ஏற்றியது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வளைந்த அரிவாள் போல ஒரு பட்டை தெரியும். கம்பங்கதிரில் மணி பிடித்த மாதிரி செல்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும். அந்த அரிவாளின் உள்விளிம்பில்தான் புது செல் பிறக்கிறது. பிறந்து, மெல்ல மணிகளுக்கு நடுவே நகர்ந்து, கிளை விட்டு, மற்ற செல்களோடு கைகோக்கிறது. நூறு தடவையாவது அந்தத் தகட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன். உள்விளிம்பில் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

ஆல்ட்மன் சொன்னதை அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பவில்லை. 1977-ல் மைக்கேல் கேப்லன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் காட்டிய பிறகும் தயக்கம் தீரவில்லை. 1990-களில்தான் நிலைமை மாறியது. இளம் எலி ஒன்றின் ஹிப்போகேம்பஸில் ஒரு நாளைக்குச் சுமார் 9,000 புது செல்கள் பிறப்பதாக 2001-ல் கணக்கிட்டார்கள்.

பிறந்ததெல்லாம் தங்குவதில்லை என்பதைத்தான் உங்கள் மகளுக்கு முக்கியமாகச் சொல்வேன். நாற்றங்காலில் முளைத்ததெல்லாம் வயலுக்கு வருகிறதா? அதுபோலத்தான், பல செல்கள் சில வாரத்திலேயே மடிந்துவிடும். 1999-ல் எலிசபெத் கூல்டின் குழு, ஹிப்போகேம்பஸுக்கு வேலை கொடுக்கிற பாடங்களை எலிகளுக்குப் பழக்கியது. அந்த எலிகளிடம் புது நரம்பு செல்கள் சுமார் இரு மடங்கு இருந்தன. அதே வருஷம் ஃப்ரெட் கேஜின் குழு சுண்டெலிக் கூண்டில் ஓடுசக்கரம் வைத்தது. ஓடிய சுண்டெலிகளிடமும் பிழைத்த புது செல்கள் இரு மடங்கானது.

பயமும் அடியும் இதற்கு நேர்மாறு. மர மூஞ்சூறு என்ற சின்னப் பிராணியைத் தன்னைவிட வலுத்த ஒன்றோடு விட்டபோது, புது செல் பிறப்பது குறைந்தது. இதன் சொந்தக்காரப் பிராணி ஒன்று நம் ஏற்காட்டு மலையிலும் இருக்கிறது. மூங்கில் அணத்தான் என்பார்கள். அணத்தான் என்ற அந்தத் தமிழ்ப் பெயரிலிருந்துதான் அனத்தானா என்று அதன் பேரினத்துக்கே பெயர் வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மனிதர்களுக்கு? 1998-ல் சில புற்றுநோயாளிகள் இறந்த பிறகு அவர்கள் மூளையைப் பார்த்து, உண்டு என்றார்கள். 2018-ல் ஒரு குழு, குழந்தைப் பருவத்தோடு அநேகமாக நின்றுவிடுகிறது என்றது. அதே வருஷம் இன்னொரு குழு, முதுமையிலும் உண்டு என்றது. வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த எலிக் கதையைக் காட்டி மூளை வளர்க்கிற மாத்திரை என்று யாராவது விற்றால், தயவுசெய்து காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: சமணர் மலைப் பக்கம் சாயங்காலம் பறக்கிற வௌவாலுக்கும் இப்படிப் புது செல் முளைக்குமா?
– ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: சமணர் மலை வௌவாலின் மூளையை இதற்காக யாரும் பார்த்ததாக நான் படிக்கவில்லை. ஆனால் 2007-ல் வெப்பமண்டல வௌவால்கள் பலவற்றை ஆராய்ந்தபோது, பெரும்பாலான இனங்களின் ஹிப்போகேம்பஸில் புது செல்லே தென்படவில்லை. உடம்பு சின்னதாக இருந்தால் போதும், எலி மாதிரிதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இத்தனைக்கும் ராத்திரி முழுக்க அலைந்துவிட்டுத் தன் குகைக்குச் சரியாகத் திரும்புகிற பிராணி அது. உங்கள் பக்கத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் வௌவாலின் உடல் கடிகாரத்தைப் பல வருஷம் ஆராய்ந்தார். அந்த வௌவாலின் ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் நம் ஊர்ப் பிள்ளை ஒன்று எடுத்துச் செய்யாதா என்று எனக்கு ஆசை.

கேள்வி: என் மகன் கண்ணாடித் தொட்டியில் இரண்டு வெள்ளை எலி வளர்க்கிறான். ஓடுசக்கரம் வாங்கலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: வாங்குங்கள். கம்பி கம்பியாக இருக்கிற சக்கரம் வேண்டாம், காலும் வாலும் சிக்கும். தட்டையான தளம் உள்ளதாகப் பாருங்கள். சக்கரம் மட்டும் போதாது. துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயைக் கேட்டால் கொடுப்பார்கள், அதை உள்ளே போடுங்கள். தீனியை ஒரே கிண்ணத்தில் கொட்டாமல், தினம் ஓர் இடமாக வைக்கோலுக்குள் ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஆணாக இருந்து சண்டை போட்டால் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் தொட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், கண்ணாடி அனலாகிவிடும்.