கட்டிலுக்கு அடியில் கிடக்கும் நாயை இழுக்காதீர்கள்: பயந்த நாய்கள் பற்றிக் கேள்வி பதில்

வண்டன்மேட்டிலிருந்து: அண்ணே, ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாரோ விட்டுப்போன நாட்டு நாயைக் கூட்டி வந்தோம். பத்து நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் பார்த்தால் சாப்பிடுவதுகூட இல்லை.

பத்து நாள் ரொம்பக் குறைவு, தம்பி. கட்டிலடி இப்போதைக்கு அதன் வீடு. குனிந்து பார்க்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தினமும் சாயங்காலம் அதே அறையில், அதற்குப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். நடுநடுவே அவித்த கோழித் துண்டு ஒன்றை, நகம் அளவுக்கு, அதன் பக்கம் உருட்டிவிடுங்கள். கையில் வைத்து வா வா என்று காட்டினால் பசிக்காகக் கிட்ட வரும், வந்த பிறகு பயந்துபோகும். கொஞ்சம் தைரியமாக வெளியே வந்தால் துண்டை அதற்குப் பின்னால் போடுங்கள். வேண்டும்போது விலகிப் போகலாம் என்று தெரிந்த நாய்தான் திரும்பத் திரும்பக் கிட்ட வரும்.

என்னிடம் இருந்த ஒரு பெட்டை 34ஆம் நாள்தான் என் முழங்காலை மோந்து பார்த்தது. அன்றைக்கும் நான் தொடவில்லை. தொடும் நாள் வந்தால் தலைக்கு மேலே கை போகாமல் மார்பில் தடவுங்கள். 3 நொடியில் கையை எடுத்துவிடுங்கள். ஒட்டி வந்தால் மறுபடி தடவலாம்.

கூடலூரிலிருந்து: காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் எங்கள் தெருவில்தான் நிற்கும். கேட்டைத் தாண்டினாலே வாலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. இழுத்துப் போனால் பழகிவிடும் என்கிறார்களே?

இழுத்துப் போனால் ஒருநாள் அடங்கி நடக்கும். அது தைரியம் வந்ததால் இல்லை, வேறு வழி தெரியாததால். ஜீப்பெல்லாம் மலைக்குப் போன பிறகு கூட்டிப் போங்கள். எங்காவது ஒரே ஒரு ஜீப் நிற்கட்டும். அதைப் பார்த்தபடியே உங்கள் கையில் கறித்துண்டை வாங்கித் தின்னும் தூரத்தில் நில்லுங்கள். அது 50 அடியாகவும் இருக்கலாம், 200 அடியாகவும் இருக்கலாம். தின்ன மறுத்தாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டாலோ இன்னும் தள்ளிப் போங்கள். முதலில் ஜீப் கண்ணில் படட்டும், அப்புறம் கறி. இந்த வரிசை மாறக் கூடாது. 5 நிமிடம் போதும், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பயந்து பின்னால் இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

குமுளியிலிருந்து: ஓணத்துக்குச் செண்டை, தீபாவளிக்கு வெடி. நடுங்கும்போது அணைத்தால் பயம் கூடிவிடுமா?

பயம் கூடிவிடாது, தங்கச்சி. உங்களிடம் வந்தால் தாராளமாக ஒட்டிக்கொள்ளட்டும். உள்ளறையில் மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். நடுக்கம் அதிகமென்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள், அதற்கு மருந்து உண்டு. மனிதர்களின் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம்.

கோம்பையிலிருந்து: எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட கோம்பை இன நாய்க்குட்டிக்கு 5 மாதம். ஆளைக் கண்டால் ஓடுகிறது. ஊர் பெயருக்கே இழுக்கு, நாலு போடு போட்டால் ரோஷம் வரும் என்கிறார் அப்பா.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். குட்டி உலகத்தைப் பழகும் காலம் 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை. அப்போது மனிதர்களைக் காணாமல் தோட்டத்து மூலையில் கிடந்தால் கோம்பையும் பயப்படும். அந்தக் காலம் தாண்டிவிட்டாலும் இன்னும் பழக்கலாம். தினம் ஒருவர் வரட்டும், நாயைப் பார்க்காமல் கறித்துண்டை எறிந்துவிட்டுப் போகட்டும். அடித்தால் கடிக்கத்தான் கற்றுக்கொள்ளும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சின்னமனூரிலிருந்து: எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கறிக்குப் பதில் திராட்சை போடலாமா?

ஒன்றுகூட வேண்டாம்! திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பந்தலுக்கு அடியில் உதிர்ந்ததையும் தின்ன விடாதீர்கள். வெங்காயம் போட்ட குழம்புக் கறியும் ஆகாது.

கம்பத்திலிருந்து: 8 வயது நாய், இத்தனை நாள் தைரியசாலி. ஒரு மாதமாகப் படியேறவே பயப்படுகிறது.

மூட்டு வலியாக இருக்கலாம், கண் மங்கியிருக்கலாம். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழக்குவதெல்லாம் அப்புறம்.