பொம்மை மாஸ்டர் பதில்கள்

மதுரை புதுமண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து காஜா எடுக்கப் பழகியவன் நான். அப்புறம் சொந்தக் கடை வைத்து நாற்பது வருடம் ஜாக்கெட் தைத்தேன். கடையை மகனிடம் கொடுத்தபிறகு, பேத்தியின் தயவால் பதினொன்றரை அங்குல உயரப் பெண்களுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன். இவர்கள் யாரும் ‘கை இறுக்குது மாஸ்டர்’ என்று திரும்பி வருவதில்லை. கொலு நெருங்குவதால் கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: பார்பி பொம்மை ஆள் அளவில் ஆறில் ஒரு பங்கு என்று படித்தேன். அம்மாவின் பழைய பட்டுச்சேலையைக் கணக்குப்படி வெட்டிக் கட்டினேன். இடுப்பில் தலையணை வைத்ததுபோல் இருக்கிறது. எங்கே தப்பு?

கணக்கில் தப்பில்லை தாயி. ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர் வரும். அதைத்தான் வெட்டியிருப்பீர்கள். நீளத்தை வகுத்தீர்கள், அகலத்தை வகுத்தீர்கள், துணியின் கனத்தை எப்படி வகுப்பீர்கள்? உங்கள் அம்மாவுக்காக நெய்த பட்டு அந்தப் பொம்மைக்குக் கோணிச்சாக்கு. அதில் ஏழு கொசுவமும் வைத்தால் இடுப்பு வேறு எப்படி இருக்கும்?

முழுச்சேலையாகக் கட்டாதீர்கள், இரண்டு துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டு பாவாடை மாதிரி. இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்து அதோடு அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். சுற்றளவில் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றவும் மூன்று கொசுவம் வைக்கவும் துணி இருந்தால் போதும். கொசுவத்தைப் பொம்மை மேல் மடிக்கக்கூடாது. மேசை மேல் வைத்து மடித்து, கஞ்சித் தண்ணீர் தொட்டு, மேலே வெள்ளைக் காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டும். ஆறியதும் மேல் விளிம்பை ஒரு மெல்லிய நாடாவில் பிடித்துத் தைத்து, பின்பக்கம் சின்ன பிரஸ் பட்டன் வையுங்கள். இரண்டாவது துண்டு முந்தானை. வலது இடுப்பில் உள்ளே மறைத்துத் தைத்து, மார்பைக் கடந்து இடது தோளில் போட வேண்டியதுதான். சின்னத் துணிக்குக் கனம் கிடையாது, அதனால் முந்தானை விறைத்துக்கொண்டு நிற்கும். ஓர மடிப்புக்குள் ஒரு ஃப்யூஸ் வயரைச் செருகித் தைத்துவிட்டால், நீங்கள் வளைத்த மாதிரி அடங்கிக் கிடக்கும்.

துணிக்கு நைந்த கைக்குட்டையும் மல் துணியும் பட்டைவிட நல்லவை. அம்மாவின் பட்டில் ஜரிகை பார்டரை மட்டும், அதுவும் மிகக் குறுகலான கரை இருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய், மயில் எல்லாம் வேண்டாம். பொடிக்கட்டம் பிரமாதமாக இருக்கும். எங்கள் ஊர்ச் சுங்குடியை ஆசையாகக் கட்டிப் பார்த்தேன். உளுந்து அளவுப் புள்ளி பொம்மை மேல் உளுந்து வடை அளவுக்குத் தெரிந்தது.

ஜாக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. முதுகுப்பக்கம் திறப்பு வையுங்கள். பக்கத் தையல் போடும் முன்பே, துணி விரிந்து கிடக்கும்போதே, கையைச் சேர்த்துவிடுங்கள். ஒன்பதாம் நம்பர் ஊசி, மிகப் பொடித் தையல். மாட்டும்போது பொம்மையின் விரல் துணியில் சிக்கும். கையில் ஒரு துண்டு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி நுழைத்து, மறுபக்கம் வந்ததும் கவரை உருவிவிடுங்கள். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு கை கிழிந்தது. பொம்மையின் கை இல்லை, ஜாக்கெட் கை.

தென்காசி வாசகி: மகள் சின்ன வயதில் விளையாடிய பொம்மையைக் கல்யாணப் பெண்ணாக்கிக் கொலுவில் வைக்க ஆசை. முடி பொன்னிறம், தொட்டால் தேங்காய் நார். அதைக் கறுப்பாக்கிப் பின்ன முடியுமா?

நார் சரியாகும், நிறம் மாறாது. கடையில் விற்கும் தலைச்சாயம் நிஜ முடிக்கு. பிளாஸ்டிக் இழையில் அது பிடிக்காது, உங்கள் விரல்தான் கறுக்கும்.

முதலில் நாரைப் பார்ப்போம். ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு சீப்பை நுனியில் வையுங்கள், வேரில் வைக்காதீர்கள். நுனியில் ஒரு அங்குலம் சிக்கு விட்டதும் அதற்கு மேல் ஒரு அங்குலம் என்று ஏறி வர வேண்டும். பெண் குழந்தைகளுக்குத் தலைவாரிய எல்லோருக்கும் இது தெரியும், ஆனாலும் பொம்மை என்றதும் மறந்துவிடுகிறார்கள். அடுத்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் முடியை மட்டும் முக்கி எடுங்கள். ஈரத்தோடு வாரி, துணிப்பட்டையால் சுற்றிக் கட்டி ஒரு நாள் காய விடுங்கள். நைலான், சரான் என்ற இழைகளில் செய்த முடி வெந்நீருக்கு மசியும், பட்டுப்போல் படியும். பாலிப்ரொப்பிலீன் என்று ஒரு மலிவு இழை உண்டு, காய்ந்த வைக்கோல் மாதிரி இருக்கும். அது அவ்வளவாக மசியாது. சுருட்டை வேண்டுமென்றால் ஸ்ட்ராவை வெட்டி அதில் முடியைச் சுற்றி, முதலில் வெந்நீரிலும் அப்புறம் குளிர்ந்த நீரிலும் முக்கிக் காய வையுங்கள்.

இஸ்திரிப் பெட்டி மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை முடி நேராக வரும் என்று தேய்த்தேன். முடி உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டியது. அதைக் கவனிக்காமல் மறுநாள் என் மனைவியின் வெள்ளைச் சேலையைத் தேய்த்தேன். அந்தக் கறுப்புக் கோடு இன்றும் சேலையில் இருக்கிறது, பேச்சிலும் இருக்கிறது.

சரி, கறுப்பு முடிக்கு வருவோம். தலை ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் வினைல். கழுத்தை வெந்நீரில் சில நிமிடம் காட்டினால் இளகும், மெல்லத் திருகி எடுக்கலாம். பழைய முடியை ஒட்ட நறுக்கிவிட்டு, மிச்சத்தைக் கழுத்து ஓட்டை வழியாக இடுக்கியால் உள்ளிருந்து இழுத்துவிடுங்கள். மண்டையில் வரிசையாகத் துளைகள் தெரியும். புது முடிக்குச் சவுரிக் கடைக்குப் போங்கள். இப்போது கிடைக்கும் சவுரியில் பெரும்பாலும் செயற்கை இழைதான், நமக்கும் அதுதான் வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு இழையை நெருப்பில் காட்டுங்கள். உருகி மணியானால் செயற்கை, பொசுங்கி நாறினால் நிஜ முடி. பத்துப் பதினைந்து இழை சேர்த்து நுனியில் முடிச்சுப் போட்டு, நீள ஊசியில் கோத்து, கழுத்து வழியாக உள்ளே விட்டுத் துளை வழியாக வெளியே எடுங்கள். நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் நெருக்கமாக நடுங்கள். நடு மண்டையில் ஒன்றுவிட்டு ஒன்று போதும், மேல்முடி மறைத்துவிடும். முடிந்ததும் உள்ளே ஃபெவிகால் ஊற்றித் தலையைச் சுழற்றிக் காயவைத்தால் முடிச்சுகள் பிடித்துக்கொள்ளும். முதல் தலை எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. நாற்று நடுபவர்களின் இடுப்பு எப்படி வலிக்கும் என்று அப்போது தெரிந்தது.

பின்னலைப் போட்டு அதையும் ஒருமுறை வெந்நீரில் முக்குங்கள், பிரியாமல் நிற்கும். பூஜடையை முடியிலேயே கட்டாதீர்கள். ஒரு கறுப்புத் துணிப்பட்டையில் வெள்ளைப் பாசியும் ஆரஞ்சுப் பாசியும் கோத்துத் தைத்து, அடியில் பட்டுநூலில் குஞ்சலம் வைத்து, பின்னலுக்கு மேலே நூலால் கட்டுங்கள். கல்யாணம் முடிந்தால் கழற்ற வேண்டாமா?

சென்னை வாசகி: அரக்குப் பட்டுப் பாவாடையைக் கழற்றினால் பொம்மையின் கால் முழுக்கச் சிவப்பு. சோப்புக்குப் போகவில்லை.

சோப்புக்குப் போகாது. சாயம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. மருந்துக்கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைக் கறை மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். மற்ற இடங்களைத் துணியால் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் வெளுக்கும். தினமும் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். ஒரே நாளில் எதுவும் தெரியாது. மறைவான இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள், உங்கள் நைட்டியில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். துணியையும் வெளுத்துவிடும்.

இனி எந்த அரக்கு, எந்தக் கருநீலம் வந்தாலும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஏறினால் பொம்மையிலும் ஏறும். உள்ளே ஒரு வெள்ளை உள்பாவாடை தைத்துப் போட்டால் பாதி பயம் போய்விடும்.

திருநெல்வேலி வாசகி: அண்ணாச்சி, பாட்டியின் மரப்பாச்சி ஜோடி எங்களிடம் இருக்கிறது. கறுத்துப்போய் மூக்கு மழுங்கியிருக்கிறது. முகத்துக்குப் பெயின்ட் அடித்து, கம்பளி நூலில் முடி ஒட்டி, கல் வைத்து அலங்காரம் செய்யலாம் என்கிறாள் மகள். செய்யலாமா?

அலங்காரம் தாராளமாகச் செய்யுங்கள். பெயின்ட் வேண்டாம், பசை வேண்டவே வேண்டாம்.

மரப்பாச்சி உடை மாற்றுவதற்கென்றே செய்த பொம்மை. திருப்பதிப் பக்கம் செம்மரத்தில் செதுக்கி வரும் அந்த ஜோடி, கல்யாணச் சீரோடு பெண் வீட்டிலிருந்து போகும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பழைய துணியை அவிழ்த்துப் புதுத் துணி கட்டுவார்கள். என் அம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. ஜாக்கெட் கடையில் விழும் வெட்டுத் துணியில் ஒன்றை எடுத்து, ஒரு நூலால் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிடுவார். போன வருடம் பச்சை கட்டினாள், இந்த வருடம் மாம்பழ மஞ்சள் என்று அவருக்குக் கணக்கு இருக்கும். ஒட்டிவிட்டால் அடுத்த வருடம் என்ன செய்வீர்கள்? மூக்கு மழுங்கியது உங்கள் பாட்டியும் அவர் பிள்ளைகளும் எடுத்து விளையாடியதால். அதன்மேல் பெயின்ட் அடித்தால் கடையில் வாங்கிய பொம்மை மாதிரிதான் இருக்கும்.

முடிக்கு ஒரு வழி உண்டு. மரப்பாச்சித் தலையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை இழுத்துக் கட்டுங்கள். அதன்மேல் கறுப்பு மல் துணியை ஃபெவிகாலில் நனைத்துப் படிய வைத்துக் காய விடுங்கள். காய்ந்ததும் கழற்றினால் அந்தத் தலைக்கென்றே அளவெடுத்த தொப்பி கையில் இருக்கும். அதில் கறுப்புப் பட்டுநூலைப் பிடரியிலிருந்து உச்சி வரை வரிசை வரிசையாகத் தைத்து, கொண்டையோ பின்னலோ போடுங்கள். ஒன்பது நாள் முடிந்ததும் தொப்பியோடு எடுத்துவிடலாம்.

மரப்பாச்சிக்குக் கை உடம்போடு ஒட்டியிருக்கும், ஜாக்கெட் கை நுழையாது. முன்பக்கம் மட்டும் ஜாக்கெட் மாதிரி தைத்து, கைகளுக்கு மேல் சுற்றி முதுகில் நாடா கட்டுங்கள். ஆண் பொம்மைக்கு வேட்டி, அங்கவஸ்திரம், தலைப்பாகை. அவரை யாரும் கவனிப்பதில்லை, பாவம். தலைப்பாகைக்காவது கொஞ்சம் ஜரிகை வையுங்கள்.

இன்னொன்று. உடனே ஒட்டும் பசையைப் பருத்தித் துணியில் ஊற்றினால் சூடேறிப் புகை வரும், விரல் பொத்துவிடும். பக்கத்தில் இருக்கும் கல், முத்து எல்லாம் வெள்ளை பூத்துப்போகும். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு 28 வயது, ஆண். பொம்மை சேகரிக்கிறேன், உடையும் தைக்கிறேன். அறை நண்பர்கள் சிரிக்கிறார்கள். பெட்டி பிரிக்காத பொம்மைக்கு முடி மாற்றினால் விலை குறையுமா?

தம்பி, குறையும். பெட்டியைப் பிரித்த நிமிடமே குறையும். கத்தரியை எடுப்பதென்றால் உடையில்லாமல் செகண்ட்ஹேண்டில் விற்கும் பழைய பொம்மைகளை வாங்குங்கள். விலையும் குறைவு, குற்ற உணர்ச்சியும் குறைவு.

ஆனால் மாற்றுவதாலேயே பிழைத்த பொம்மையும் உண்டு. பிளைத் என்று பெரிய தலைப் பொம்மை. தலைக்குப் பின்னால் நூலை இழுத்தால் கண் நான்கு நிறம் மாறும். அமெரிக்காவில் கென்னர் கம்பெனி 1972இல் கொண்டுவந்தது, பிள்ளைகள் பயந்தார்களாம், ஒரே வருடத்தில் நின்றுபோனது. 2000இல் நியூயார்க் புகைப்படக்காரர் ஜினா காரன் அதற்கு விதவிதமாக உடை போட்டு எடுத்த படங்கள் புத்தகமாக வந்தன. மறுவருடமே ஜப்பானில் டகாரா கம்பெனி மறுபடி செய்ய ஆரம்பித்தது. இன்று அதன் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, உதட்டைச் செதுக்கி, முடியைப் பிடுங்கி நட்டு விற்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

சிரிப்பவர்களுக்கு ஒரு சட்டைப் பட்டன் தைக்கத் தெரியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்களிடம்தான் வருவார்கள்.

சேலம் வாசகி: குண்டூசியில் பாசி கோத்துப் பொம்மைக் காதில் தோடாகக் குத்தலாமா?

ஒன்பது நாளுக்குக் குத்தலாம், அப்புறம் எடுத்துவிடுங்கள். உலோகத்தை வினைலில் விட்டுவைத்தால் துருவோ பச்சையோ இறங்கும். பழைய பார்பிகளைச் சேகரிப்பவர்கள் இதற்குப் ‘பச்சைக் காது’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டிலுள்ள செம்பு களிம்பேறி, கன்னம் வரை பரவிவிடும்.

பெயரும் ஊரும் எழுதாத வாசகிக்கு: நீங்கள் செய்தித்தாளில் சுற்றி அனுப்பிய பொம்மை வந்து சேர்ந்தது. தலை தனியாகவும் உடம்பு தனியாகவும் வந்தது. தலையை மாட்டிவிட்டேன், முன்நெற்றியில் இரண்டு வரிசை முடியும் நட்டுவிட்டேன். தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். திருப்பி அனுப்ப முகவரி வேண்டும். ஒரு கார்டு போடுங்கள்.