சின்ன ஒட்டுத் தகடுதான். லாக்புக்கில் என்ன எழுதுவது?

கேள்வி: அமெரிக்காவில் பதிவான செஸ்னா 172. உடற்பகுதித் தகட்டில் 2 அங்குல ஓட்டை. ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தாயிற்று. ஃபார்ம் 337 நிரப்ப வேண்டுமா? "தகடு சரிசெய்யப்பட்டது" என்று லாக்புக்கில் எழுதினால் போதாதா?

பதில்: உள்ளே இருக்கும் ஃபிரேம் (குறுக்குச் சட்டம்), ஸ்ட்ரிங்கருக்கு (நீளவாட்டுத் தாங்கு பட்டை) அடி படவில்லை என்றால் 337 வேண்டாம். சேதம் எந்தத் திசையிலாவது 6 அங்குலத்தைத் தாண்டினால் அது பெரிய பழுது. அதற்குத்தான் அந்தப் படிவம். ஆனால் 6-க்குள் இருப்பதெல்லாம் சின்னப் பழுது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஃபிரேமையே ஒட்டுப்போட்டால் கதை வேறு.

நீங்கள் எழுதிய வரி செல்லாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் விதி 43.9 கேட்பவை: செய்த வேலையின் விவரம், முடிந்த தேதி, வேலை செய்தவர் வேறு ஆள் என்றால் அவர் பெயர், விமானம் மீண்டும் பறக்க ஒப்புதல் தருபவரின் கையெழுத்து, அவருடைய சான்றிதழ் எண், அது எந்த வகை என்பது. விவரம் இப்படி இருக்கட்டும்:

"இடப்பக்க உடல் தகட்டில், கதவுக்குப் பின்னால், 2 அங்குல ஓட்டை. சேதத்தை வெட்டி நீக்கி, 0.032 அங்குல 2024-டி3 அலுமினியத் தகட்டில் ஒட்டு, எம்எஸ்20470ஏடி4-4 ரிவெட். ஏசி 43.13-1பி, அத்தியாயம் 4-இன்படி."

ஏசி 43.13-1பி என்பது எஃப்ஏஏ-வின் பழுதுபார்ப்பு வழிகாட்டி. கூடவே அதன் பத்தி எண்ணையும் ரிவெட் எண்ணிக்கையையும் போடுங்கள். ஏடி வகை ரிவெட்டின் தலையில் அடையாளமாகச் சின்னக் குழி இருக்கும், பெயின்ட் அடித்தால் அதுவும் மறைந்துவிடும். எந்தத் தகடு, எந்த முறை என்று எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டுச் சோதனைக்கு வருபவர் ஒட்டைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மொத்தப் பறந்த நேரத்தை 43.9 கேட்பதில்லை, சோதனைப் பதிவுக்கான 43.11 தான் கேட்கிறது. எழுதினால் நல்லதே. கையெழுத்துப் போட்டால் முழு விமானத்துக்கும் பொறுப்பாகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் செய்த அந்த வேலைக்கு மட்டுமே அது ஒப்புதல்.

கேள்வி: என் சொந்த விமானத்தில் நானே ஆயில் மாற்றினேன். பதிவு வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். பிரைவேட் பைலட் உரிமம் இருந்தால் நீங்களே கையெழுத்திடலாம். மெக்கானிக் எண்ணுக்குப் பதில் பைலட் சான்றிதழ் எண், வகை. அதே வேலை மறுபடி நடக்கும்வரை, அல்லது 1 வருடம், பதிவு இருக்க வேண்டும்.