மரண அறிவித்தலுக்கும் ‘லைக்’ போடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்?

கேள்வி கேட்டவர், தன் பெரியப்பாவின் மரண அறிவித்தலின் கீழ் அறுபதுக்கு மேற்பட்ட பெருவிரல்களைக் கண்டு மனம் நொந்து, இவர்கள் எதைத்தான் விரும்பினார்கள் என்று கேட்டிருக்கிறார். அதே கேள்வியால் நானும் ஒருமுறை காயப்பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

2019இல் என் தந்தை கிளிநொச்சியில் காலமானபோது, அறிவித்தலை முகநூலில் இட்டவன் நான். பெருவிரலுக்குப் பதிலாக அழுத்தக்கூடிய கண்ணீர் விடும் முகம் 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் எங்கள் உறவினரிற் பெரும்பாலோர் பெருவிரலைத்தான் அழுத்தியிருந்தார்கள். இலண்டனில் இருக்கும் தம்பி அன்றிரவே அழைத்து, “அப்பா செத்தது இவையளுக்கு விருப்பமாமோ அண்ணா?” என்று கேட்டு அழுதான். அவனுக்குச் சொல்ல என்னிடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வீடு அடங்கிய பின்னர், அந்தப் பெயர்களை ஆறுதலாக, ஒவ்வொன்றாக வாசித்தேன். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அப்பாவுடன் வேலை செய்த ஒருவர் இருந்தார். போரில் இடம்பெயர்ந்து போன வழியில் எங்களோடு ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த குடும்பத்தின் மகள் இருந்தாள். செட்டிகுளம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவரும், பத்து வருடமாகத் தொடர்பே இல்லாமற் போயிருந்தவர், அங்கே இருந்தார். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு வருபவர் படலையைத் தாண்டி வந்து, வீட்டாரின் கையைப் பிடித்து, பந்தலுக்குள் ஒரு கதிரையிற் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போவார். ‘போயிட்டு வாறன்’ என்பது அங்கே சொல்லக்கூடாத சொல். வர முடியாத தூரத்தில் இருந்தவர்கள் அந்தக் கதிரையில் இருந்துவிட்டுப் போன அடையாளமே அந்தப் பெருவிரல் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உங்கள் பெரியப்பாவின் அறிவித்தலிலும் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பெயர்களை வாசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முகநூலில் இந்தப் பொத்தான் அறிமுகமானது 2009 பெப்ரவரியில். போரின் இறுதிக் கட்டமான அந்த மாதம் வன்னிச் சனம் புதுக்குடியிருப்புக்கும் மாத்தளனுக்கும் இடையில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னர் கைபேசிகள் வந்து சேர்ந்தபோது, ‘விருப்பம்’ என்ற சொல்லோடு அந்தப் பொத்தானும் ஆயத்தமாக வந்து சேர்ந்தது. அதற்குக் ‘கண்டேன், இருக்கிறேன்’ என்ற பொருளைக் கொடுத்தவர்கள் எங்கள் சனங்கள்.

விசுவமடுவில் இருக்கும் என் மாமி இதற்கு நல்ல சாட்சி. முற்றத்தில் சாக்கை விரித்துக் கச்சான் உடைத்துக்கொண்டிருப்பார். கைபேசி பக்கத்தில் கிடக்கும். செம்மண் ஒட்டிய விரலைச் சேலைத் தலைப்பிற் துடைத்துவிட்டு, கனடாவில் இருக்கும் மகன் போட்ட படத்தை ஒருமுறை அழுத்துவார். படத்தில் இருப்பது பனியா, புதுக் காரா என்பதைக்கூட அவர் சில வேளைகளிற் கவனிப்பதில்லை. ஒருநாள் கைபேசி பழுதாகி இரண்டு நாள் அவருடைய லைக் போகாதபோது, அங்கே நடுச்சாமம் என்றும் பாராமல் மகன் எனக்கு அழைத்து, “அம்மாவுக்குச் சுகமில்லையோ மச்சான்?” என்று பதறினான்.

ஆனால் முகநூல் நிறுவனத்தின் கணினி இதை இப்படி வாசிப்பதில்லை. ஒன்றை அழுத்தினால் அதைப்போல இன்னும் வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2017இலிருந்து சில காலம் கோப முகம் உட்பட மற்ற முகங்களுக்கெல்லாம் பெருவிரலைவிட ஐந்து மடங்கு நிறை கொடுத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தினார்கள் என்பது, 2021இல் வெளியான உள் ஆவணங்களால் தெரியவந்தது. மாமி ஊர்க்காரரின் மரண அறிவித்தல்களை மரியாதைக்காக அழுத்தப் போய், ஒரு கட்டத்தில் அவருடைய கைபேசியில் முன்பின் தெரியாதவர்களின் சாவுகளே வந்து நிறைந்தன. “ஏன் தம்பி, உலகத்திலை எல்லாரும் சாகினமோ?” என்று என்னிடம் கேட்டார். இது எனக்கு இன்றும் கோபம் தரும் விடயம்.

லைக் போடாமல் இருப்பதற்கும் இங்கே பொருள் உண்டு; அதை வெளியூரில் இருப்பவர்கள் தயவுசெய்து அறிந்துகொள்ள வேண்டும். முகநூற் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். ஆகையால் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படத்துக்குக் கீழேயோ போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாதப் பதிவுக்குக் கீழேயோ ஒரு பெயர் இல்லை என்பதைக் கொண்டு அவருக்கு மனம் இல்லை என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம்.

என்னோடு படித்த ஒருவன் அரச உத்தியோகத்தில் இருக்கிறான். எந்த மே மாதத்திலும் என் பதிவுக்கு அவன் எதையும் அழுத்தியதில்லை. நான் பதிவிட்ட அன்று பின்னேரம் அழைத்து, இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகம் எப்படி என்றெல்லாம் கதைப்பான். வைப்பதற்கு முன், சற்றுத் தாமதித்து, “பார்த்தனான்” என்பான்.