கூட்டில் வெறுங்கோது கிடந்தால் நண்டு செத்ததென்று அர்த்தமா?

நந்திக்கடல் பக்கம் கூட்டில் சேற்று நண்டு வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "விடியப் பார்த்தால் கூட்டுக்குள் வெறுங்கோது கிடக்குது, சிலநேரம் கடிபட்ட காலும் கிடக்குது. இது நோயா? சுண்ணாம்பு போடலாமா? மிச்ச நண்டைக் கொண்டுபோனால் தண்ணி நண்டென்று திருப்பி விடுகிறார்கள்."

முதலில் அந்தக் கோதைக் கையில் எடுத்துப் பாருங்கள் தம்பி. முதுகு ஓட்டின் பின் ஓரம் பிளந்து, உள்ளே சதையே இல்லாமல், செவுளின் தோல், கண்ணின் மேல்தோல், இரைப்பைக்குள் இருக்கும் பல் எல்லாம் கோதோடு சேர்ந்து கழன்றிருந்தால் அது நோயில்லை, நண்டு கோது கழற்றியிருக்கிறது. செத்த நண்டில் சதை மிச்சமிருக்கும், நாறும்.

நண்டின் ஓடு வளராது, அதனால் நண்டு பெருக்க வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றத்தான் வேண்டும். கண் தண்டில் சுரக்கும் ஓர் ஓமோன்தான் கழற்றலைத் தடுத்து வைத்திருக்கிறது. அது குறைந்ததும் எக்டைசோன் என்ற இன்னொரு ஓமோன் கூடி, பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓடு உருவாகும். ஆட்டின் வயிற்றிலுள்ள வட்டப்புழுவும் வளர்கையில் 4 தடவை மேல்தோலைக் கழற்றும். இப்படிக் கழற்றுகிற பிராணிகளெல்லாம் பரிணாம மரத்தில் ஒரே பெரிய கிளை என்று 1997இல்தான் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். எனக்குப் பெரிய வியப்பு நண்டின் கவ்வுகால்தான். அவ்வளவு பருத்த சதையை அந்த ஒடுங்கிய மூட்டுக்குள்ளால் இழுக்க வேண்டுமே, அதற்காகக் கழற்றுவதற்கு முன்பே அந்தச் சதை தானாக வற்றிச் சிறுக்கிறது! வெளியே வந்ததும் நண்டு தண்ணீரை உறிஞ்சி ஊதும், அந்த அளவிலேயே புது ஓடு இறுகும், பிறகு அந்தத் தண்ணீரின் இடத்தில் மெல்ல மெல்லச் சதை பிடிக்கும். வாங்குகிறவர் தண்ணி நண்டு என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடைக்காலத்து நண்டைத்தான்.

கடிபட்ட காலுக்குக் காரணம் மற்ற நண்டுகள். புதிதாய்க் கழற்றிய நண்டு ஓடவும் மாட்டாது, கடிக்கவும் மாட்டாது. இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கிற நண்டையும், துடுப்புக்கால் ஓரத்தில் ஓட்டுக்கு உள்ளே இன்னொரு கோடு தெரிகிற நண்டையும் உடனே தனிப்பெட்டிக்கு மாற்றுங்கள். பெட்டி இல்லையென்றால் குழாய்த்துண்டு, கூரை ஓடு ஏதாவது போட்டு ஒளிய இடமாவது கொடுங்கள். போன காலைப் பற்றிக் கவலை வேண்டாம், அடுத்தடுத்த கழற்றலில் திரும்ப முளைக்கும்.

சரி, சுண்ணாம்பு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, புது ஓட்டுக்கான கல்சியத்தில் பெரும்பகுதியை நண்டு தண்ணீரிலிருந்துதான் எடுக்கும். மாரியில் வெள்ளம் இறங்கிக் களப்பு உப்புக் குறையும்போதுதான் தட்டுப்பாடு வரலாம், அப்போது உப்பளவைப் பாருங்கள். சுட்ட சுண்ணாம்பைக் கூட்டுக்குள் கொட்டவே வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை சட்டென ஏறி, புதிதாய்க் கழற்றிய மென்னண்டுதான் முதலில் சாகும்.

விற்கப் பிடிக்கும்போது நண்டைக் கட்டிவிட்டு, முதுகு ஓட்டின் அடிப்பக்கத்தைக் கால்களுக்குக் கிட்டப் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் நன்றாக இரை போட்டு இன்னும் சில கிழமை விடுங்கள்.